வலது கையில் வைத்த குச்சி

எங்கள் வீட்டில் நெல்லும் புளியும் வைக்கிற அரங்கு வீட்டுக்குள் ஒரு டிரம் செட் இருந்தது. சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. அதற்கு என்ன பேர் சொல்வதென்று தெரியாமல் தெருக்காரர்கள் ‘வெள்ளைக்காரன் கொட்டு’ என்றார்கள். வாசித்தவர் என் வீட்டுக்காரர். அவர் ஊரைவிட்டுப் போன பிறகு அது ஆளில்லாமலே சத்தம் போட ஆரம்பித்தது.

யுத்தம் முடிந்ததும் மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கூடாரம், பூட்ஸ், கொசுவலை எல்லாம் போய்விட்டன. இந்தச் செட்டை மட்டும் எடுக்க ஆளில்லை. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், அதன் தலையில் இரும்புத் தாங்கி பிடித்து நிற்கிற நடு டிரம், அடியில் கம்பிச் சுருள் கட்டிய சின்ன டிரம், தாம்பாளம் மாதிரி ஒரு பித்தளைத் தட்டு. தாங்கிகளை மாட்டுவதற்குப் பெரிய டிரம்மின் உடம்பிலேயே துளை போட்டிருக்கும். இதில் துளைகள் எல்லாம் மறுபக்கம். எவனோ ஒரு இடதுகை சோல்ஜர் தனக்கென்று செய்து வாங்கியது. வலதுகைக்காரன் உட்கார்ந்தால் கையும் கையும் முட்டிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் இடது கை. பட்டாளத்துப் பேண்டில் இரண்டு வருஷம் வாசித்துவிட்டு வந்தவர். சாக்கில் கட்டி ரயிலில் போட்டு, ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

“ஏட்டி, இங்கன பாரு. எனக்குன்னே எவனோ அளவெடுத்துச் செஞ்சிருக்கான்.”

பெரிய டிரம்மின் விளிம்பில் ஒரு இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அந்த சோல்ஜரின் கை உரசி உரசித் தேய்ந்த இடம். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபோது அவர் கையும் சரியாக அதே இடத்தில்தான் உரசியது. “அவன் இப்போ எங்க இருப்பான்?” என்று கேட்டேன்.

“செத்திருப்பான். உசிரோட இருக்கவன் இப்படி ஒரு செட்டை விட்டுட்டுப் போவானா?” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் துடைக்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வீட்டில் மாமனாரும் கொழுந்தனும் நாங்கள் இரண்டு பேரும்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் இடது கை என்றால் அவருக்கு ஆகாது. மகன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, சாப்பிட உட்கார்ந்தாலும் சிலேட்டை எடுத்தாலும், தோளில் கிடக்கிற துண்டால் அந்த இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாராம். அப்படிக் கட்டிக் கட்டித்தான் அவர் வலது கையால் சாப்பிடவும் எழுதவும் பழகினார். டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் இடது கை அவிழ்ந்துவிடும். அந்த நேரத்தில் மாமா அரங்கு வாசல் பக்கமே வரமாட்டார். மகன் இடது கையால் வாசித்ததை அவர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊர்ச் சாமியே பாதிப் பாதி. வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் பெருமாள். தினம் அந்த இடப்பக்கத்தையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து, பெற்ற பிள்ளையின் இடது கையை மட்டும் தீட்டு என்றால் எப்படி? மாமாவிடம் இதைச் சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. பிறகு வந்தது.

ஏலத்தில் வந்த செட்டில் நடு டிரம்மின் தாங்கி விரிசல் விட்டிருந்தது. வண்டிப் பட்டறை ஆசாரியிடம் கொண்டுபோனார். ஆசாரி பழைய சக்கரப் பட்டாவைக் காய்ச்சி அடித்து, வளைத்து, இரண்டு காது வைத்த நட்டோடு புதுத் தாங்கி செய்து கொடுத்தார். தன் கையால் செய்கிற ஏர்க் கொழுவிலும் வண்டிக் கடையாணியிலும் போடுகிற மாதிரி அதன் முதுகிலும் மூன்று புள்ளி குத்தினார். இடதுகைக்காரனுக்கு ஏற்ற மாதிரி வளைந்த இரும்பு. உலகத்தில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் எங்கள் ஊரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டது. அவர்கள் டிரம்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். இவர் போய் ஒரு ஆட்டத்துக்கு வாசித்தார். பத்து நாள் கழித்து அவர்களோடு கிளம்பிவிட்டார். இராமநாதபுரம் போய் அப்படியே சிலோன், அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்றார். மாமா வயலுக்குப் போய்விட்டார்.

சர்க்கஸ்காரர்களிடம் செட் இருந்தது. ஆனால் வலதுகைச் செட். அதனால் இவர் தன் செட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஆசாரி செய்த தாங்கியை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். “போற இடத்துல எல்லாம் வலதுகைக்காரன் செட்டுதான் கிடக்கும். இது ஒண்ணு இருந்தா எதையும் நம்ம பக்கம் திருப்பிரலாம்” என்றார்.

எனக்கு அந்தப் பழைய பேச்சு ஞாபகம் வந்தது. “செட்டை விட்டுட்டுப் போறீகளே” என்றேன்.

“விட்டுட்டுப் போகலட்டி. வச்சிட்டுப் போறேன்.”

தாங்கி இல்லாததால் நடு டிரம்மை நிறுத்த முடியவில்லை. தரையில் சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தார். ஒரு ஜோடிக் குச்சி எடுத்துக்கொண்டார், ஒரு ஜோடி வைத்துவிட்டுப் போனார். இராமநாதபுரத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. சிலோனிலிருந்து ஒன்று. அப்புறம் வரவே இல்லை.

அந்த ஆடித்தபசு வந்தது, போனது. ஊரெல்லாம் பருத்தியும் மிளகாய் வத்தலும் சாமி மேல் வாரி இறைத்து, சூறை விட்டுக் கும்பிட, நான் ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து வீடு அமைதியான ஒரு சாயங்காலம், அடுப்படியில் இருந்தேன். கோவிலில் பெரிய மணி அடித்தது. அதோடு சேர்ந்து அரங்குக்குள்ளிருந்து ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். டிரம் சத்தம் எனக்குத் தெரியாதா? கையில் இருந்த செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளே யாரும் இல்லை. ஸ்டூல் சும்மா இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மணி அடிக்க, மறுபடி சின்ன டிரம் முணுமுணுத்தது.

காரணம் தெரியாதவள் இல்லை நான். அந்த டிரம்மின் அடியில் இருக்கிற கம்பிச் சுருள், பக்கத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் நடுங்கும். அதை அடக்குவதற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கொண்டி உண்டு. தள்ளினால் கம்பி விலகிக்கொள்ளும், சத்தம் வராது. அவரே காட்டிக் கொடுத்தது. போகும்போது அதைத் தள்ள மறந்துவிட்டார்; திருவிழாவுக்குத் திறக்கிறவரை அரங்குக் கதவு சாத்தியே கிடந்ததால் என் காதில் விழவில்லை. நான் தள்ளவில்லை. தள்ளினால் அவரை நானே வாயடைத்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மணிக்கு முணுமுணுக்கும். தெருவில் தவில் போனால் முணுமுணுக்கும். இடி இடித்தால் வெகுநேரம் ஓயாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவன் சிலோனில் செத்துப்போய் ஆவி வந்து கொட்டுகிறது என்று பேச்சு கிளம்பியது. எனக்குத்தான் ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லி, கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் பேய் பிடித்தவர்களை உட்கார வைக்கிற சக்கரக் குழியில் என்னையும் உட்கார வைத்தார்கள். நல்ல குளிர்ச்சியான கல். எனக்குத் தூக்கம்தான் வந்தது. அழைத்துப் போனவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

மாமா மட்டும் ஒரு நாள் தனியாகக் கேட்டார். “எம்மா, அதுல ஏதோ கொண்டி இருக்குன்னு சொல்லுதாவளே. தள்ளி விட்டுரேன்.”

“மாட்டேன் மாமா. அவுக வந்து தள்ளட்டும்.”

மாமா அந்தப் பக்கம் போன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. மத்தியானங்களில் யாரும் இல்லாதபோது அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். என் கால் மிதிக்கு எட்டாது, கை தட்டுக்கு எட்டாது. எல்லாம் அவர் உடம்பு அளவுக்கு வைத்தபடி இருந்தது. டிரம்களுக்கு நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதற்குள் நான் பத்தவில்லை. தரையில் கிடந்த நடு டிரம்மைப் பார்த்து, தாங்கி அவர் கையில் இருக்கிறது, அதனால் அவரும் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உடனே அந்த சோல்ஜரின் தேய்ந்த இடம் கண்ணில் படும். எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

கொழுந்தனுக்குப் பெண் பார்த்தார்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போனது. காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போது உச்சிக்கால மணி அடித்தது. அரங்கிலிருந்து ‘ஸ்ர்ர்ர்’. பெண்ணின் தகப்பனார் டம்ளரைக் கீழே வைத்தார். “உள்ள யாரு?” என்றார். யாரும் இல்லை என்று கொழுந்தன் உண்மையைச் சொன்னான். அதற்குப் பதில் பொய் சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் பாதிக் காப்பியில் எழுந்து போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி கொழுந்தன் சாப்பிடவில்லை. இது கல்யாண வீடா, எழவு வீடா என்று எவனுக்கும் தெரியவில்லை, எவன் பெண் கொடுப்பான் என்று கத்தினான். அவன் சொன்னதிலும் தப்பு இல்லை. ஆள் போய் வருஷக்கணக்கில் தகவல் இல்லாவிட்டால், தர்ப்பைப் புல்லில் அவரைப் போல ஒரு உருவம் கட்டி, காரியம் செய்து எரித்துவிடுவது எங்களில் வழக்கம். அப்புறம் அவர் செத்தவர்தான். பெண்டாட்டி தாலியைக் கழற்றிவிட வேண்டும். மாமா நாள் குறித்தார். என் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

முற்றத்தில் பலகை போட்டு அந்தப் புல் ஆளைக் கிடத்தினார்கள். தலை, கை, கால் எல்லாம் இருந்தது. வேட்டி உடுத்தியிருந்தார்கள். என்னைத் தலை நிறையப் பூவோடு தூணோரம் உட்கார வைத்திருந்தார்கள். சண்டை போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவர் புழங்கின பொருள் ஒன்று கூடப் போகவேண்டும் என்று ஐயர் சொன்னார். மாமா உள்ளே போய் ஒரு டிரம் குச்சியை எடுத்துவந்தார். குனிந்து, புல் ஆளின் வலது கையில் வைத்தார்.

எழுந்துவிட்டேன்.

“நிறுத்துங்க மாமா. இது யாரு?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இது அவுக இல்ல. அவுக வலது கையில குச்சி பிடிச்சதே கிடையாது. நீங்க யாருக்கோ காரியம் பண்ணுதீக. இவனுக்காக நான் தாலி கழட்டணுமா?”

“எம்மா, புல்லுல எந்தக் கைம்மா...” என்று ஐயர் ஆரம்பித்தார்.

“சாமிக்கே இடப்பக்கம் இருக்கு. எம் புருஷனுக்குக் கூடாதா? சின்னதுல கட்டிப்போட்டீக. செத்த பெறவும் கட்டணுமா மாமா?”

சொன்ன பிறகுதான் நானே அவரைச் செத்தவர் என்று சொல்லிவிட்டது காதில் விழுந்தது. மாமா அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கையில் வைத்தோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, குச்சி என்றால் வலது கை என்று அவர் கை தானாகப் போயிருந்தது. “இன்னைக்கு வேண்டாம்” என்று எழுந்து போய்விட்டார். புல் ஆளைப் பிரித்து மாட்டுத் தொழுவத்தின் கூரையில் செருகினார்கள். கொழுந்தன் அதிலிருந்து என்னோடு பேசவில்லை. ஊரில் எனக்கு வாயாடி என்று பேர் கூடுதலாகச் சேர்ந்தது.

அதற்கு மறு வருஷம் ஆடித்தபசுக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. பழைய கம்பெனி இல்லை, வேறு. எந்த சர்க்கஸ் வந்தாலும் நான் போய்விடுவேன். யானைக்காக இல்லை, டிரம்மில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக. துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் மாமா சொல்லிக் கொழுந்தன் கூட வந்தான், நாலு எட்டு முன்னால், பேசாமல்.

பகல் ஆட்டம். பேண்டுக்காரர்களுக்கு உயரமாகப் பலகை மேடை கட்டியிருந்தார்கள். பெண்கள் பக்கம் அதற்குக் கீழே. டிரம் வாசித்தது ஒரு ஒல்லியான மலையாளத்துக்காரர். வலது கை. என் வீட்டுக்காரர் இல்லை என்று தெரிந்ததும் வழக்கம்போல எனக்கு ஒரே சமயத்தில் வருத்தமும் நிம்மதியும் வந்தது. ஒரு பெண் கம்பி மேல் நடக்க ஏறினாள். டிரம் உருண்டது. கூட்டமெல்லாம் கம்பியைப் பார்த்தது. நான் டிரம்மைப் பார்த்தேன். நடு டிரம்மைப் பிடித்திருந்த இரும்பு வளைவின் அடியில் மூன்று புள்ளி இருந்தது.

ஆசாரி அதை முதுகில் குத்தியிருந்தார். இடதுகைக்காரன் மாட்டினால் புள்ளி மேலே இருக்கும், கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாது. வலதுகைக்காரன் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தான். அதனால்தான் என் கண்ணில் பட்டது.

ஆட்டம் முடிந்து கூடாரத்துக்குப் பின்னால் போனோம். அந்தத் தாங்கி எங்கே கிடைத்தது என்று கொழுந்தன்தான் கேட்டான். அந்த மனுஷர் என் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

“முன்னாடி இருந்த கம்பெனியில எங்ககூட ஒரு இடங்கையன் இருந்தான் அம்மா. இது அவனோட சாதனம். கண்டிப் பக்கம் கூடாரம் போட்டிருந்தப்ப மலைக் காய்ச்சல் வந்துடுச்சு. அங்கேயே அடக்கம் பண்ணினோம். முதலாளி வீட்டுக்கு எழுதறேன்னு சொன்னார். அதுக்குள்ள கம்பெனியே உடைஞ்சுபோச்சு. நான் எழுதியிருப்பார்னே நினைச்சுட்டிருந்தேன்.”

எப்போது என்று கேட்டேன். சிலோன் போன முதல் மழைக்காலத்திலேயே என்றார்.

அப்படியென்றால் முதல் தடவை டிரம் முணுமுணுத்து நான் செம்பைப் போட்டுவிட்டு ஓடிய அன்றைக்கே அவர் இல்லை. அத்தனை வருஷமும் நான் காத்தது மண்ணுக்குள் போனவரை. கொழுந்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எழுதாத முதலாளி மேல், அந்தக் காய்ச்சல் மேல், வச்சிட்டுப் போறேன் என்று சிரித்தவர் மேல்.

“கடைசியில ஏதாவது சொன்னாகளா?”

“பேச்சு நின்னு போச்சு அம்மா. இடது கை மட்டும் பாய் ஓரத்தில் தட்டிட்டே இருந்தது. நாங்க பிடிச்சுப் பார்த்தோம். நிக்கலை. அப்புறம் விட்டுட்டோம்.”

அவரே மேடையில் ஏறி, நட்டைத் திருகித் தாங்கியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த ஆட்டத்துக்கு அவர் டிரம்மைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்ததைத் திரும்பும்போது பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து நேரே அரங்குக்குள் போனேன். தாங்கியைப் பெரிய டிரம்மின் துளையில் மாட்டி, புள்ளி மேலே வரும்படி திருப்பி, நடு டிரம்மைத் தரையிலிருந்து தூக்கி வைத்தேன். நட்டு இறுகியது. அந்தச் செட் அவர் போன நாளிலிருந்து முதல் தடவையாக முழுசாக நின்றது. வாசலில் மாமா. மகன் வாசிக்கும்போது அந்த வாசலை எட்டிப் பார்க்காத மனுஷர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அது எங்க கிடந்துச்சும்மா?”

சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, “இப்போ செய்யுங்க மாமா” என்றேன்.

அதே முற்றம், அதே ஐயர். புதுப் புல்லில் ஆள் கட்டிக் கிடத்தினார்கள். மாமா குச்சியை எடுத்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, இடது கையில் வைத்தார். புல்லில் குச்சி நிற்கவில்லை, உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அப்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஓரத்தை நீளமாகக் கிழித்து, குச்சியை அந்த இடது கையோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

சங்கு ஊதினார்கள். அரங்கிலிருந்து சின்ன டிரம் ‘ஸ்ர்ர்ர்’ என்றது. யாரும் அசையவில்லை, யாரும் பயப்படவில்லை. மாமா அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

“எம்மா, போதும்னு அவன்கிட்டச் சொல்லிரு.”

நான் எழுந்து உள்ளே போய் அந்தக் கொண்டியைத் தள்ளிவிட்டேன். மறுபடி சங்கு ஊதினார்கள். டிரம் சும்மா இருந்தது.